0டபிள்யூ-20 வண்டியில் மீதமிருக்கும் 5டபிள்யூ-30 சிந்தெட்டிக்கை ஊற்றலாமா?

வளைவுச்சாலை:
வணக்கம் நண்பர்களே. என் வண்டியின் கையேடு 0டபிள்யூ-20 சிந்தெட்டிக் இன்ஜின் ஆயில் என்கிறது. ஃபில்டரோடு சேர்த்து 4 லிட்டர் கொள்ளும். பெட்ரோல், டர்போ கிடையாது. இப்போது டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, சர்வீசுக்கு இன்னும் நாள் இருக்கிறது. முன்பு வைத்திருந்த வண்டிக்கு வாங்கி மீந்த 5டபிள்யூ-30 முக்கால் லிட்டர் போல இருக்கிறது. அதுவும் முழு சிந்தெட்டிக், ஆனால் வேறு கம்பெனி. 5டபிள்யூ-40 ஒன்றும் பாதி பாட்டில் கிடக்கிறது. எதையாவது ஊற்றலாமா? கேட்டவர்களில் சிலர் "தாராளமா ஊத்து" என்கிறார்கள், சிலர் இன்ஜின் ஜாம் ஆகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். இன்னொன்று: அடுத்த முறை ஆயில் மாற்றும்போது இந்த மீதிகளையெல்லாம் சேர்த்தே நிரப்பிவிட்டால் என்ன?

கறுப்புவிரல்:
5டபிள்யூ-30ஐ ஊத்துங்க சார், ரொம்ப யோசிக்காதீங்க. ஆயில் கம்மியா ஓடி பேரிங் தேய்ஞ்ச இன்ஜினை நிறையப் பிரிச்சிருக்கேன். ரெண்டு கிரேடு கலந்ததால மட்டும் போச்சுன்னு ஒண்ணுகூட என் கைக்கு வந்ததில்ல. வேகமா வளைவுல திரும்பறப்பவும் சடன் பிரேக் அடிக்கறப்பவும் சம்ப்ல (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) இருக்கிற ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிடும். லெவல் கீழ இருந்தா அந்த நேரத்துல பம்ப் காத்தை உறிஞ்சும். பயப்படணும்னா அதுக்குப் பயப்படுங்க.

ஆனா மொத்தத்தையும் ஒரேயடியா கவுத்திடாதீங்க. கால் லிட்டர் ஊத்துங்க, கொஞ்சம் பொறுங்க, டிப்ஸ்டிக்கைத் துடைச்சு மறுபடி பாருங்க. மேல்கோட்டைத் தாண்டினா கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடிச்சு நுரையாக்கிடும். நுரையால எதையும் தாங்க முடியாது.

பழைய_கார்புரேட்டர்:
லெவல் விஷயம் சரி தம்பி. ஆனால் இரண்டு கம்பெனி சிந்தெட்டிக்கைக் கலந்தால் கஞ்சி மாதிரிக் கட்டிக்கொள்ளும் என்று நான் வண்டி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டு வருகிறேன். அத்தனை பேரும் ஒன்றுமில்லாமலா சொன்னார்கள்? நெருப்பில்லாமல் புகையாது.

எண்ணெய்க்கணக்கு:
நெருப்பு ஒரு காலத்தில் இருந்தது ஐயா. ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட பந்தய ஆயில்கள் பெட்ரோலிய ஆயிலோடு சரியாகச் சேராது, பிரிந்து நிற்கும். ஏசி கம்ப்ரசரில் பயன்படும் பாலிஅல்கைலீன் கிளைக்கால் வகையும் அப்படித்தான். அவற்றைக் கொண்டுபோய் சாதாரண ஆயிலில் கொட்டியவர்கள் பட்ட பாடுதான் இன்றுவரை வாய்மொழியாக வந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்று கடையில் கிடைக்கும் கார் ஆயில்கள் வேறு. ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) உரிமத்தோடு வரும் ஒவ்வோர் ஆயிலும் பிற ஆயில்களோடு கலந்து பிரியாமல் நிற்க வேண்டும் என்பது விதி. ஏஎஸ்டிஎம் டி6922 என்ற சோதனையே இதற்காக இருக்கிறது. நிர்ணயிக்கப்பட்ட சில ஆயில்களோடு கலந்து, குளிரவைத்து, சூடாக்கி, அடுக்கு பிரிகிறதா, எதுவும் கீழே படிகிறதா என்று பார்ப்பார்கள்.

"சிந்தெட்டிக்" என்று பாட்டிலில் இருப்பதும் நாம் நினைக்கிற அளவுக்குத் தனி இனம் இல்லை. அடிப்படை எண்ணெய்களை ஏபிஐ ஐந்து குரூப்பாகப் பிரிக்கிறது. நான்காவது குரூப் ஆய்வுக்கூட முறையில் கட்டியெழுப்பும் பிஏஓ என்ற செயற்கை எண்ணெய். மூன்றாவது குரூப் கச்சா எண்ணெயிலிருந்தே வருவது, ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்தது. இந்த மூன்றாவது வகையை சிந்தெட்டிக் என்று விளம்பரம் செய்யலாமா என்று மொபிலும் காஸ்ட்ராலும் அமெரிக்காவில் மோதின. 1999இல் அங்குள்ள விளம்பரத் தீர்ப்பு அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் நின்றது. அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த சிந்தெட்டிக்குகளில் பெரும்பகுதி மூன்றாவது குரூப்தான். செமி சிந்தெட்டிக் என்பது கம்பெனியே கலந்து விற்கும் கலவை.

போதாததற்கு, டிரெயின் போல்ட்டைக் கழற்றி எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் கொஞ்சம் பழைய ஆயில் உள்ளேயே தங்கும். கேலரி, ஹெட், ஆயில் கூலர் என்று அதற்குப் பல மூலைகள். ஆக, ஆயில் பிராண்டை மாற்றிய எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ கலந்து ஓட்டியவர்கள்தான்.

டர்போபிரியன்:
அப்போ 0டபிள்யூ-20யும் 5டபிள்யூ-30யும் சமமா கலந்தா 2.5டபிள்யூ-25 கிடைக்குமா ப்ரோ? 😄

எண்ணெய்க்கணக்கு:
சிரிப்புக்குறி போட்டிருக்கிறீர்கள், ஆனால் இதை நிஜமாகவே நம்புகிறவர்கள் உண்டு. கிரேடு எண்கள் அளவுகள் இல்லை, பெட்டிப் பெயர்கள். எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே300 என்ற தரப்படி, 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்குக்குள் (அதை அளக்கும் அலகு) இருந்தால் பின்னால் வரும் எண் 20. 9.3 முதல் 12.5 வரை 30. 12.5 முதல் 16.3 வரை 40. 16.3 முதல் 21.9 வரை 50. 25 என்று ஒரு பெட்டியே கிடையாது.

கலவையின் பாகுத்தன்மை நேர் சராசரியாகவும் வராது. மெல்லிய ஆயில் தன் பங்கைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கலவையைத் தன் பக்கம் இழுக்கும். லாகரிதம் போட்டுச் சராசரி எடுத்தால் உண்மைக்கு ஓரளவு பக்கத்தில் வரும்.

கேள்வி கேட்டவரின் வண்டிக்கே போட்டுப் பார்க்கலாம். வண்டியில் உள்ள 0டபிள்யூ-20 ஆயில் 8.4 என்றும், 5டபிள்யூ-30 ஆயில் 10.4 என்றும் வைத்துக்கொள்வோம். 3.3 லிட்டரில் 0.7 லிட்டர் சேர்த்தால் கலவை 8.7 பக்கம் வரும். இன்னும் 20 பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. புது ஆயில் ஓடி ஓடி, பெட்ரோல் கலந்து மெலிவது இந்த வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். அதே 0.7 லிட்டர் 18.5 உள்ள 20டபிள்யூ-50 என்றால் கலவை 9.6ஐத் தாண்டும், 30 பெட்டிக்குள் போய்விடும். இன்ஜின் செத்துவிடாது. ஆனால் நீங்கள் ஊற்றியது டாப் அப் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது.

(பாட்டிலில் இந்த எண் இருக்காது. அந்தந்த ஆயிலின் தொழில்நுட்பத் தாளில் பாருங்கள்.)

நெடுந்தூரன்:
20டபிள்யூ-50ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சூட்டில் என்ன ஆகிறது என்று மட்டும் கணக்குப் போடுகிறீர்கள். முன்னால் இருக்கிற எண் எங்கே போச்சு?

எண்ணெய்க்கணக்கு:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அங்கேதான் என் கணக்கும் நின்றுவிடும்.

முன்னால் இருக்கும் எண்ணுக்கு வேறு சோதனைகள். 0டபிள்யூ என்றால் மைனஸ் 35 டிகிரியில் கிராங்க் சுழலும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும், மைனஸ் 40இல் பம்ப் இழுக்க வேண்டும். 5டபிள்யூவுக்கு அவை மைனஸ் 30, மைனஸ் 35. 20டபிள்யூவுக்கு மைனஸ் 15, மைனஸ் 20. கடுங்குளிரில் எண்ணெயிலுள்ள மெழுகு படிகமாகத் தொடங்கும். அந்தப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் தடுக்க ஒவ்வொரு கம்பெனியும் தன் அடிப்படை எண்ணெய்க்கு ஏற்ற சேர்க்கையைத் தேர்ந்து போடும். இரண்டைக் கலந்தால் ஒருவருடைய சேர்க்கை இன்னொருவருடைய மெழுகைக் கட்டுப்படுத்தும் என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டு வைத்தியர் எழுதிய மருந்தை ஒரே வேளையில் விழுங்குவது மாதிரிதான். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அந்த இருவரும் ஒருவரையொருவர் கலந்து பேசி எழுதவில்லை.

பெரியவர் சொன்ன "கஞ்சி" உண்மையில் நடக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

நெடுந்தூரன்:
அது உறைபனியில் ஓட்டுகிறவர்கள் கவலை. பனியே பார்க்காத இடத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்கு 0டபிள்யூவும் 10டபிள்யூவும் ஒன்றுதானே?

கறுப்புவிரல்:
ஒண்ணு இல்லைங்க. காலையில 25 டிகிரி இருந்தாலும், ஓடிச் சூடான இன்ஜினுக்கு அது குளிர்ச்சிதான். ஸ்டார்ட் பண்ண முதல் சில நொடி டாப் எண்டுக்கு (இன்ஜினோட மேல்பகுதி) ஆயில் எவ்வளவு சீக்கிரம் போகுதோ அவ்வளவு நல்லது. செயின் டென்ஷனர், கேம் ஃபேஸர் எல்லாம் ஆயில் பிரஷர்ல வேலை செய்யற சாமான். கெட்டியான ஆயில் போட்டா வால்வ் டைமிங் தாமதமாகி செக் இன்ஜின் லைட் எரியற வண்டியும் உண்டு. ஆனா நெடுந்தூரன் சொல்ற மாதிரி, சூடான ஊர்ல 0டபிள்யூவுக்கும் 5டபிள்யூவுக்கும் ஓட்டறவருக்குத் தெரியற வித்தியாசம் பெருசா இல்லதான்.

வளைவுச்சாலை:
அருமையான விளக்கங்கள், எல்லோருக்கும் நன்றி. 5டபிள்யூ-30இலிருந்து கால் லிட்டர் ஊற்றினேன், கோடுகளுக்கு நடுவில் வந்திருக்கிறது. இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். கிரேடு ஒன்றாக இருந்தால், அதாவது வேறு வேறு கம்பெனி 5டபிள்யூ-30களாக மட்டும் இருந்தால், முழுசாகக் கலந்து நிரப்பலாமா?

எண்ணெய்க்கணக்கு:
எல்லோரும் கிரேடைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் உறுத்தும்.

இரண்டு 5டபிள்யூ-30 பாட்டில்களை எடுங்கள். ஒன்று ஏபிஐ எஸ்பி, இல்சாக் ஜிஎஃப்-6 வகை, அமெரிக்கச் சந்தையின் தரக்குறிகள். இன்னொன்று ஐரோப்பிய வாகனக் கம்பெனிகள் சங்கமான ஏசிஇஏவின் சி3 அல்லது ஏ3/பி4 வகை. முன்னால் எழுதியிருப்பது ஒரே கிரேடு. ஆனால் 150 டிகிரியில், வேகமாக அரைபடும் நிலையில் அளக்கும் பாகுத்தன்மை ஒன்று இருக்கிறது, எச்டிஎச்எஸ் என்பார்கள். பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே உண்மையில் நிற்கும் படலத்தை அதுதான் சொல்லும். 5டபிள்யூ-30க்கு ஜே300 கேட்பது குறைந்தது 2.9 மில்லிபாஸ்கல் விநாடி. முதல் வகை எரிபொருள் மிச்சத்துக்காக அந்த 2.9ஐ ஒட்டியே நிற்கும். இரண்டாவது வகை 3.5க்குக் கீழே இறங்கவே கூடாது. 5டபிள்யூ-40க்கு ஜே300 கேட்கும் குறைந்தபட்சமும் அதே 3.5தான். அதாவது, சி3 வகை 5டபிள்யூ-30 தன் பெயர்கொண்ட அமெரிக்க 5டபிள்யூ-30ஐவிட ஒரு 5டபிள்யூ-40க்கு நெருக்கமான உறவு.

அதனால் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஏபிஐ எது, ஏசிஇஏ எது, உங்கள் வண்டிக் கம்பெனியின் அங்கீகார எண் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் பொருந்தினால் கம்பெனி வேறாக இருந்தாலும் என் வண்டியில் தயங்காமல் ஊற்றுவேன். அங்கீகாரம் பொருந்தாமல் கிரேடு மட்டும் பொருந்தினால் அவசரத்துக்கு மட்டும்.

முழுக் கலவை நிரப்புவதைப் பற்றி: ஒரு ஆயிலுக்கு எஸ்பி என்ற முத்திரை கிடைக்க, இன்ஜின்களில் ஓட்டித் தேய்மானம், கசடு, பிஸ்டன் படிவு என்று வரிசையாகச் சோதிக்கிறார்கள். சோதிப்பது அந்தக் குறிப்பிட்ட கலவையை. எஸ்பி ஆயில் இரண்டைச் சேர்த்தால் அது இன்னொரு எஸ்பி ஆயில் ஆகிவிடாது. யாரும் சோதிக்காத மூன்றாவது ஆயில் அது. கெட்டதாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது என்கிறேன்.

மெல்லியகோடு:
இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் வேண்டுமென்றே கலந்து ஓட்டுகிறவன். மெல்லிய 5டபிள்யூ-30இல் ஒரு பங்கு 5டபிள்யூ-40 சேர்த்து, 30இன் மேல் நுனியில் நிற்கும்படி வைத்துக்கொள்கிறேன். ஓடிய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தாயிற்று. இரும்பு, ஈயம், தாமிரம் எல்லாம் குறைவு. இதைவிட என்ன சான்று வேண்டும்?

எண்ணெய்க்கணக்கு:
உங்கள் கலவை மோசமில்லை என்றே நானும் நினைக்கிறேன். 11 உள்ள ஆயிலையும் 14 உள்ள ஆயிலையும் பாதிக்குப் பாதி கலந்தால் 12.4, அதாவது 30இன் விளிம்பு. நீங்கள் குறைவாகச் சேர்ப்பதால் இன்னும் உள்ளேயே இருப்பீர்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வரிசை என்றால் சேர்க்கைப் பொட்டலமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

ஆனால் அந்த அறிக்கை காட்டாதவையும் உண்டு. அந்தக் கருவி மிக நுண்ணிய உலோகத் துகள்களைத்தான் பார்க்கும், பெரிய சில்லுகள் அதன் கண்ணில் படாது. பிஸ்டன் ரிங் காடியில் கரி கட்டுகிறதா என்று அதற்குத் தெரியாது. எச்டிஎச்எஸ் அளவு சாதாரண அறிக்கையில் வருவதில்லை. குளிர்ச் சோதனையும் இல்லை.

மெல்லியகோடு:
தெரியாது, தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எதையும் செய்ய முடியாது. ரிங்கில் கரி கட்டினால் ஆயில் குடிக்கத் தொடங்குமே? என் வண்டி குடிக்கவில்லை. நான் தொடர்ந்து கலப்பேன்.

எண்ணெய்க்கணக்கு:
கலந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டி, உங்கள் விருப்பம். எனக்கு இருக்கும் ஒரே கேள்வி, 30இன் மேல்நுனி வேண்டுமென்றால் அந்த இடத்திலேயே நிற்கும் சி3 5டபிள்யூ-30ஐ ஏன் நேராக வாங்கக்கூடாது என்பதுதான்.

டர்போபிரியன்:
என்னுது டர்போ, நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல். எனக்கும் இதே விதிதானா?

எண்ணெய்க்கணக்கு:
உங்களுக்குக் கொஞ்சம் இறுக்கமான விதி. குறைந்த வேகத்தில் அதிக பாரம் ஏற்றும்போது, ஸ்பார்க் விழுமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு இந்த வகை இன்ஜின்களுக்கு உண்டு. பலமாக வந்தால் பிஸ்டன் உடையும். ஆயிலில் உள்ள கால்சியம் சேர்க்கை அதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து, கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டிய ஆயில்கள் வந்தன. ஏபிஐ தரங்களில் பழைய எஸ்என்னுக்குப் பிறகு 2018இல் எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி. அப்படிப்பட்ட ஆயில் ஓடும் இன்ஜினில் பழைய எஸ்என் பாட்டில் மீதியை ஒரு லிட்டர் ஊற்றினால் கால்சியம் மறுபடி ஏறும். கால் லிட்டர் பெரிய விஷயமில்லை. பழைய பாட்டில்களைத் தீர்க்க உங்கள் வண்டியைப் பயன்படுத்தாதீர்கள், அவ்வளவே.

ஓரச்சந்தேகம்:
என் டீசலில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கிறது, கையேட்டில் சி3 கேட்கிறார்கள். கையில் ஏ3/பி4 5டபிள்யூ-40 அரை லிட்டர் இருக்கிறது. அவசரத்துக்கு?

எண்ணெய்க்கணக்கு:
பாகுத்தன்மையைப் பொறுத்தவரை சிக்கலே இல்லை. சாம்பல்தான் விஷயம். சி3 ஆயிலில் சல்ஃபேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஏ3/பி4இல் 1.6 வரை போகலாம். இது லாகரிதம் இல்லாமல் நேர்க் கணக்காகவே கலக்கும்: 0.8 உள்ள 4.5 லிட்டரில் 1.3 உள்ள அரை லிட்டர் சேர்த்தால் 0.85. ஒரு முறை என்றால் ஃபில்டர் தாங்கும். ஐரோப்பியக் கையேடுகள் சிலவற்றில் "அவசரத்துக்கு வேறு வகை அரை லிட்டர் வரை, ஒரே ஒரு முறை" என்று எழுதியிருப்பார்கள். ஆனால் எரியும் ஆயிலின் சாம்பல் டிபிஎஃப்பை விட்டுப் போகாது. கரியை எரித்து வெளியேற்றலாம், சாம்பலை முடியாது. வழக்கமாக்கினால் ஃபில்டரின் ஆயுள் குறையும்.

கறுப்புவிரல்:
இன்னொரு வகை இன்ஜினையும் சொல்லிடறேன். டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைஞ்சு ஓடற இன்ஜின் இப்ப நிறைய வருது. அதுல கம்பெனி சொன்ன ஆயிலைத் தவிர வேற எதுவும் வேண்டாம். ஒத்துக்காத ஆயில் போட்டா பெல்ட் ஊதும், ஓரம் பிய்யும், அந்தத் தூள் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ரோட்டுல நிக்கற நிலைமையில லெவல் கீழ போயிட்டா ஊத்தித்தான் ஆகணும், ஆனா வந்ததும் மாத்திடுங்க.

பழைய_கார்புரேட்டர்:
கலந்து ஊற்றிய பிறகு ஆயில் மாற்றும் காலம்? நீண்ட காலம் தாங்கும் சிந்தெட்டிக்கில் சாதாரண மினரல் அரை லிட்டர் போய்விட்டது என்று வையுங்கள்.

கறுப்புவிரல்:
கலந்ததுல எது மட்டமோ அதோட கணக்குக்கு மாத்திடுங்க ஐயா. வாரண்டியில இருக்கிற வண்டின்னா என்னைக்கு, எவ்வளவு, எந்த ஆயில்னு சர்வீஸ் புக்குல ஒரு வரி எழுதி வைங்க, பாட்டிலைப் படம் எடுத்துக்கோங்க.

வளைவுச்சாலை:
அப்படியென்றால் மிச்சம் இருக்கும் 5டபிள்யூ-30ஐ அடுத்த டாப் அப்புக்கு வைத்துக்கொள்கிறேன், சர்வீசில் முழு 0டபிள்யூ-20. அந்த 5டபிள்யூ-40 பாதி பாட்டிலை என்ன செய்வது? திறந்து வெகு நாளாகிவிட்டது. பைக்கில் ஊற்றலாமா?

எண்ணெய்க்கணக்கு:
கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் பைக் என்றால் வேண்டாம். ஜாசோ எம்ஏ (பைக்குகளுக்கான ஜப்பானியத் தரம்) என்று போட்ட ஆயில்தான் அதற்கு. கார் ஆயில்களில், முக்கியமாக மெல்லிய கிரேடுகளில், உராய்வைக் குறைக்கும் சேர்க்கை இருக்கும். கிளட்ச் வழுக்கும்.

திறக்காத பாட்டில் ஐந்து ஆண்டு போலத் தாங்கும் என்று கம்பெனிகளே சொல்கின்றன. திறந்தது ஈரம் இழுக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கலங்கலாக இருந்தாலோ, அடியில் படிவு தெரிந்தாலோ இன்ஜினுக்கு வேண்டாம்.

கறுப்புவிரல்:
தெளிவா இருந்தாலும் உங்க 0டபிள்யூ-20 வண்டிக்கு எதுக்கு அது? கதவுக் கீல், பானட் லாட்ச், ஷட்டர் ரோலர்னு வைங்க, பல வருஷம் வரும். மிஞ்சினா பழைய ஆயில் எடுக்கற சர்வீஸ் சென்டர்ல குடுத்திடுங்க. சாக்கடையில மட்டும் ஊத்தாதீங்க.